ஊரார் வீட்டு நெய்: நிரலும் உரிமமும் பற்றிச் சில குறிப்புகள்

2008-ல் ஒரு கோப்பின் தலையிலிருந்து பதினேழு வரிகளை நான் அழித்தேன். அந்த வரிகளில் நிரல் எதுவும் இல்லை. எழுதியவர் பெயர், மின்னஞ்சல் முகவரி, வருடம், அப்புறம் ஜிபிஎல் உரிமத்தின் வழக்கமான அறிவிப்பு. அவ்வளவுதான். அழித்த பிறகும் நிரல் முன்பு போலவே ஓடியது. எடுத்த பிறகும் ஓடுதுன்னா அது தேவையில்லாத வரி. அன்றைக்கு எனக்குத் தெரிந்த காப்புரிமைச் சட்டம் அதுதான்.

காப்புரிமை, திறமூல உரிமம் இதிலெல்லாம் நம்மைப் போன்ற நிரலாளர்களின் மனசு இருபத்தைந்து வருடங்களில் எப்படி மாறியது என்று கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எங்கே தொட்டாலும் அந்தப் பதினேழு வரியில் வந்து நின்றது. அதனால் அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. பி.இ. படித்துவிட்டு நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். சட்டப் பிரிவுகளைப் படித்தது சொந்த ஆர்வத்தில்.

கதை ஆம்பூரில் தொடங்குகிறது. (2019-லிருந்து நாங்கள் திருப்பத்தூர் மாவட்டம். ஆனால் வெளியூரில் யாராவது கேட்டால் வாயில் வருவது என்னவோ இன்னும் வேலூர்தான்.) என் மாமா அங்கே ஒரு டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, லெதர் கம்பெனிகளின் டெலிவரி சலான். பாதி பத்திரிகை தமிழ், பாதி உருது. தமிழுக்குப் பாமினி எழுத்துரு, உருதுக்கு இன்பேஜ், எல்லாவற்றையும் அடுக்கிவைக்க பேஜ்மேக்கர். ஸ்ரீலிபி மட்டும் காசு கொடுத்து வாங்கியது. ஏனென்றால் அது கணினியின் பின்னால் சொருகும் பூட்டோடு வரும், பூட்டில்லாமல் திறக்காது. மற்றதெல்லாம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்த சிடி. எதற்கு என்ன உரிமம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பக்கத்து ஊரில் ரெய்டு வந்ததாகச் செய்தி பரவினால் மட்டும் மாமா இரண்டு நாள் கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைப்பார்.

அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமிருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் செய்த திருத்தம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் கொண்டுவந்தது. சட்டத்தின் கண்ணில் என் நிரலும் ஒரு நாவலும் ஒரே சாதி. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் 63பி பிரிவின் கீழ் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை. அபராதம் 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை. மாமாவின் கடைக்கு மாத வாடகையே 1,500 ரூபாய்.

2007 வாக்கில் வாடிக்கையாளர்கள் பத்திரிகை வாசகத்தை மின்னஞ்சலில் யூனிகோடில் அனுப்ப ஆரம்பித்தார்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த எழுத்துரு. மாமா ஒவ்வொரு பத்திரிகையையும் மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "மாப்ள, நீ கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே, ஏதாச்சும் பண்ணுடா" என்றார். பண்ணினேன்.

பண்ணினேன் என்று சொல்வது பாதிதான் உண்மை. பாமினி மாற்றி எழுதுவது வெளியிலிருந்து பார்க்கச் சுலபம். இந்த எழுத்துக்கு அந்த எழுத்து என்று ஓர் அட்டவணை போதும் என்று தோன்றும். உட்கார்ந்தால் தெரியும். 'கொ' என்பதை யூனிகோடு 'க', பிறகு 'ஒ' குறி என்று சேமிக்கிறது. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு முதலில், நடுவில் க, கடைசியில் கால். 'டி', 'டு', 'கு', 'கூ' போன்றவற்றுக்குத் தனித்தனி உருவம். எதை முதலில் மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். நீளமான கூட்டுகளை முதலில் மாற்றாவிட்டால், குட்டையானது புகுந்து எல்லாவற்றையும் குதறிவிடும். எந்த வரிசையில் மாற்றினால் எதுவும் உடையாது என்பதை யாரோ ஒருவர் மாதக்கணக்கில் சோதித்து, வரிசைப்படுத்தி, இணையத்தில் வைத்திருந்தார். அதை நான் எடுத்தேன். மேலே ஒரு ஜன்னல், இரண்டு பொத்தான், ஒரு ஐகான் வைத்தேன். தலைப்பகுதியை அழித்தேன். என் வலைப்பதிவில் ஜிப் கோப்பாகப் போட்டு, 'யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம், இலவசம்' என்று எழுதினேன். நாற்பது ஐம்பது பேர் நன்றி சொல்லிப் பின்னூட்டம் போட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்று உண்டு. அட்டவணை என்பது வெறும் தகவல்தானே, தகவலுக்கு ஏது சொந்தக்காரர்? இது முழுக்க முட்டாள்தனமான கேள்வி இல்லை. 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் உழைப்பு மட்டும் இருந்தால் காப்புரிமை வராது, திறமையும் தீர்மானமும் கொஞ்சமாவது படைப்புத்தன்மையும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 2(ஓ) பிரிவு இலக்கியப் படைப்பு என்பதில் அட்டவணைகளையும் தொகுப்புகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வரிசையைத் தேர்ந்தெடுத்ததில் அவர் தீர்மானம் இருந்தது. எப்படியும் இந்த வழக்கையெல்லாம் படித்த பிறகு நான் அழிக்கவில்லை. அழித்துவிட்டுப் பல வருடம் கழித்துப் படித்தேன்.

ஏன் அழித்தேன் என்று யோசித்தால் அப்பா ஞாபகம் வருகிறார். அவர் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தார். ஷூவின் மேல்பாகம், அங்கே அப்பர் என்பார்கள். வெளிநாட்டு பிராண்டுக்கு ஜாப் ஒர்க். டிசைன் அவர்களுடையது, அளவு அவர்களுடையது, தோலை வெட்டுகிற டை அவர்களுடையது. ஆர்டர் முடிந்ததும் டையெல்லாம் எண்ணிப் பூட்டிவிடுவார்கள். அப்பாவிடம் இருந்தது வேறொன்று. ஒரு தோலை மேசையில் விரித்துக் கையால் தடவினால் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பக்கம் இழுக்காது என்று சொல்லிவிடுவார். ஷூவின் முன்பாகத்தை முதுகுத் தோலில்தான் வெட்டணும், வயிற்றுத் தோலில் வெட்டினால் இரண்டே மாதத்தில் தொளதொளவென்று போய்விடும். அதெல்லாம் அவர் கையோடு இருந்தது, கையோடு போனது. எந்த ஷூவிலும் அவர் பெயர் கிடையாது. "கூலிக்கு வெட்றவனுக்கு எதுக்குடா பேரு" என்பார், வருத்தமில்லாமல்.

நான் சென்னைக்கு வந்து சேர்ந்த வேலையும் ஜாப் ஒர்க்தான். ஏசி போட்ட ஜாப் ஒர்க். நிரல் அமெரிக்க வாடிக்கையாளருடையது. சட்டம் 17(சி) பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: வேலை ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளி. எனக்கு அதில் புகார் இல்லை, சம்பளம் வாங்கினேன். ஆனால் பத்து வருடம் தினமும் எட்டு மணி நேரம் எழுதி, அதில் ஒரு வரிகூட நம்முடையது இல்லை என்று பழகிவிட்டால் என்ன ஆகும்? ஒரு கோப்பின் தலையில் ஒரு ஆளின் பெயர் இருப்பதே விசித்திரமாகப் படும். எங்கள் ஆபீஸில் கோப்பின் தலையில் வாடிக்கையாளர் பெயர்தான் இருக்கும். நிரலுக்கு ஆசிரியர் உண்டு என்கிற எண்ணமே என்னிடம் இல்லை. என் பேரும் இல்லை, அதனால் உன் பேரும் வேண்டாம்.

நம் ஊர் நிரலாளர்களின் உரிம அலட்சியத்தை அறியாமை என்றோ, தாராள மனசு என்றோ சொல்லுகிறவர்களோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். 'நாங்கதான் எல்லாத்தையும் ஷேர் பண்றோமே, அதுதானே ஓப்பன் சோர்ஸ்' என்று ஒரு பேச்சு உண்டு. அது ஓப்பன் சோர்ஸ் இல்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது. சொந்தம் என்று ஒன்றை உணராதவன் கொடுக்கிற தானத்தில் கைமாறுகிறது எதுவுமில்லை. சட்டப்படியும் இல்லை: உரிமம் எழுதாமல் இணையத்தில் போட்ட நிரல் பொதுச் சொத்து ஆகிவிடாது. ஆசிரியர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 வருடமும் பூட்டியே கிடக்கும். 'இலவசம்' என்று நான் எழுதிய அந்த ஒற்றை வார்த்தை, மாற்றலாமா, திரும்பப் பகிரலாமா, எதையும் சொல்லவில்லை.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு வார்த்தையே தடை என்று சொல்லமுடியாது. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் சுதந்திரமானதற்கும் ஒரே சொல், அதனால் அவர்கள் நாற்பது வருடமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு இலவசம் தனி, கட்டற்ற மென்பொருள் தனி. 2011-க்குப் பிறகு அரசாங்கமே 'விலையில்லா மடிக்கணினி' என்று மூன்றாவதாக ஒன்றையும் தந்தது. இருந்தும் என்ன? 'கட்டற்ற' என்று மாமாவிடம் சொன்னபோது "அப்ப கேக்க ஆளில்லாததுன்னு சொல்லு" என்றார்.

தானம் கொடுக்கும் முன் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதை இந்த ஊர் ஒரு முறை சரியாகச் செய்திருக்கிறது. பாரதியின் பாடல்கள். ஒலிப்பதிவு உரிமை ஏவி.மெய்யப்பன் கையில் இருந்தது. 1940-களின் கடைசியில் வேறொரு படத்தில் பாரதி பாட்டு வந்தபோது தகராறு ஆனது. 1949-ல் அரசு உரிமைகளை முறையாகத் தன் கையில் வாங்கியது. சில வருடம் கழித்துத்தான் அதைப் பொதுவில் விட்டது. ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கதையை ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார், நிரலாளர்கள் படிக்கவேண்டிய புத்தகம். யாருடையது என்ற கேள்விக்கு முதலில் பதில் வந்தது, அப்புறம்தான் எல்லோருக்கும் என்ற முடிவு. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைத் துணிந்து இணையத்தில் ஏற்ற முடிந்ததற்கும், காலம் கடந்து பொதுவுக்கு வந்தது எது, நாட்டுடைமை ஆனது எது என்ற தெளிவு உதவியது.

மென்பொருளில் அந்தத் தெளிவு மெதுவாக வந்தது. 2000-களின் முதல் பாதியில் முகுந்தராஜின் எ-கலப்பை இல்லாமல் வலைப்பதிவு எழுதிய தமிழர்கள் குறைவு. அது ஆரம்பத்தில் கீமேன் என்கிற, வேறொருவருக்குச் சொந்தமான மூடிய எஞ்சின் மேல் ஓடியது. நாம் எழுதும் 'அ'வுக்கு அடியில் வேறொருவர் நிலம். மூன்றாம் பதிப்பில் அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, புதிதாக எழுதி, ஜிபிஎல்லில் வெளியிட்டார்கள். விடுதலைக்கு ஒரு திட்டமும் சில பேரின் ராத்தூக்கமும் செலவானது. வேடிக்கை என்னவென்றால் கீமேனை 2015-ல் எஸ்ஐஎல் நிறுவனம் வாங்கி, பின்னால் அதையும் எம்ஐடி உரிமத்தில் முழுசாகத் திறந்துவிட்டது. அதே காலத்தில் என்எச்எம் ரைட்டர், அழகி என்று அருமையான கருவிகள் இருந்தன, காசும் வாங்கவில்லை. நானும் வருடக்கணக்கில் அவற்றில்தான் எழுதினேன். ஆனால் மூலநிரல் நம் கையில் இல்லை. செய்தவர் நிறுத்தினால் நாமும் நிறுத்தவேண்டியதுதான்.

உரிமம் எம்ஐடி பக்கம் சாய்ந்தது அடுத்த கட்டம். (எம்ஐடி என்றதும் எனக்குக் குரோம்பேட்டைக் கல்லூரிதான் முதலில் ஞாபகம் வரும். குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர் வந்தது குரோம் லெதர் தொழிற்சாலையால். எங்கே போனாலும் தோல் விடாது போல.) ஒரே ஆளிடம் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். முத்து அண்ணாமலையின் எழில் நிரல்மொழி ஜிபிஎல். அவரே முன்னின்று வளர்த்த ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பு எம்ஐடி. ஒன்று முழு மொழி, மற்றொன்று பிறர் நிரலுக்குள் சொருகிக்கொள்ளும் துணைப்பொருள். சொருகவேண்டியதில் நிபந்தனை குறைவாக இருந்தால்தான் நாலு பேர் எடுப்பார்கள். நியாயமான காரணம். லோகித் தமிழ் எழுத்துரு ஜிபிஎல்லில் இருந்து 2011-ல் எழுத்துருக்களுக்கென்றே உள்ள ஓஎஃப்எல் உரிமத்துக்குப் போனதும், கூகுளின் நோட்டோ 2015-ல் அப்பாச்சியிலிருந்து அதே ஓஎஃப்எல்லுக்கு வந்ததும் இப்படி யோசித்துச் செய்த மாற்றங்கள்.

என் பிரச்சினை யோசிக்காமல் செய்த மாற்றங்களோடு. கிட்ஹப் 2013-ல் உரிமம் தேர்ந்தெடுக்க உதவும் ஒரு தளத்தைத் திறந்ததற்குக் காரணமே பெரும்பாலானோர் உரிமமே வைக்காமல் நிரலைக் கொட்டிக்கொண்டிருந்ததுதான். அதன் பிறகு பட்டியலிலிருந்து ஒன்றைச் சொடுக்குவது பழக்கமானது. எங்கள் குழுவில் சேரும் இளைஞர்களிடம் ஏன் எம்ஐடி என்று கேட்டால் "அண்ணா, எல்லாரும் அதான் போடறாங்க" என்கிறார்கள். எம்ஐடி உரிமம் சிறியது, அதில் கேட்கப்படும் ஒரே கைம்மாறு அந்தக் காப்புரிமை வரியையும் அறிவிப்பையும் கூடவே வைத்திரு என்பது. என்னுடைய பதினேழு வரிக் கணக்கில் பார்த்தால் அதையும்தான் நாம் செய்வதில்லை. இப்படிச் 'சும்மா கொடுத்த' நிரலின் நிபந்தனைக்குச் சட்ட பலம் உண்டா என்று கேட்பவர்களுக்கு 2008-ன் ஜேகப்சன் வழக்கைச் சொல்வேன். பொம்மை ரயில் ஓட்டுகிறவர்களுக்காக ஓர் இயற்பியலாளர் இலவசமாக எழுதிய மென்பொருள். ஒரு கம்பெனி பெயர்களை நீக்கிவிட்டு எடுத்துக்கொண்டது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், நிபந்தனையை மீறினால் அது காப்புரிமை மீறல்தான் என்றது. நான் வரிகளை அழித்த அதே வருடம்.

2010-ல் ஒரு மின்னஞ்சல் வந்தது. தமிழ்க் கருவிகளை லினக்ஸுக்குத் தொகுத்துக்கொண்டிருந்த ஒரு தன்னார்வலர். 'உங்கள் மாற்றியைச் சேர்க்க விரும்புகிறோம் ஐயா. என்ன உரிமம், அட்டவணை எங்கிருந்து எடுத்தது என்று சொன்னால் போதும்.' மரியாதையான இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு அப்போது வேலை பார்த்த இடத்தின் எச்.ஆர். பெண்ணிடம் போய்ச் சந்தேகம் கேட்டேன். அவர் ஒப்பந்தத்தைத் திறந்து காட்டினார். வேலையில் இருக்கும் காலத்தில் நான் உருவாக்கும் எதுவும், எங்கே எந்த நேரத்தில் செய்தாலும், நிறுவனத்துக்கு. சட்டத்தின் 17-ம் பிரிவு அவ்வளவு தூரம் போகவில்லை, 'வேலையின் பகுதியாக' என்றுதான் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தம் போட்டு எதிர்கால உரிமையையும் எழுதி வாங்கலாம், 18-ம் பிரிவு இடம் கொடுக்கிறது. நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். படிக்காமல்தான். இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வெட்கம். ஜிப் கோப்பை வலைப்பதிவிலிருந்து எடுத்துவிட்டேன். அவருக்குப் பதில் போடவே இல்லை. ஜிபிஎல்லில் ஏற்கெனவே கட்டற்று இருந்த ஒன்றை நான் எடுத்து, பெயரைச் சுரண்டி, இரண்டு வருடம் தானம் செய்து, பின் பூட்டிவிட்டேன். ஒரு தன்னார்வலரின் அரைநாள் வேலையையும் வீணாக்கினேன்.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. கொடுத்தவர்களே திரும்ப வாங்குகிறார்கள். 2018-ல் மாங்கோடிபி, 2023-ல் ஹாஷிகார்ப், 2024-ல் ரெடிஸ் என்று பெரிய பெயர்கள் உரிமத்தை இறுக்கின. மேகக்கணினி நிறுவனங்கள் எங்கள் உழைப்பை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கின்றன என்பது அவர்கள் வாதம். ரெடிஸ் 2025-ல் ஏஜிபிஎல்லுக்குத் திரும்பி வந்தது, ஆனால் அதற்குள் வால்கீ என்ற கிளை முளைத்துவிட்டது. இந்த நிறுவனங்கள் மேல் எனக்குப் பெரிய பரிதாபம் இல்லை. அவர்களில் சிலருக்கு, ஊர்ப்பட்ட பேரிடம் பங்களிப்பு வாங்கும்போதே உரிமையை எழுதி வாங்கி வைத்திருந்ததால்தானே மாற்ற முடிந்தது. அங்கேயும் பதினேழு வரி இருக்கிறது.

அவர்கள் சொல்கிற நோய் மட்டும் பொய்யில்லை. அதைப் பாலாற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு விளக்கவேண்டியதில்லை. தோல் ஷாப்புகள் ஆற்றிலிருந்து நல்ல தண்ணீரை எடுத்தன. குரோமியமும் உப்பும் கலந்து திருப்பிவிட்டன. ஆறு எல்லோருக்கும் பொது, அதனால் சுத்தம் செய்வது யார் வேலையும் இல்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் மூடு என்றது. தனியாகக் கட்ட முடியாத சின்ன ஷாப்புகள் பணம் போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்தன. வாணிடெக், ரானிடெக் எல்லாம் அந்த வகை. ஆறு பழையபடி ஆகிவிட்டதா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் இன்றும் பருப்பு வேகாது. ஆனால் எடுப்பவனுக்குத் திருப்பித்தரும் கடமை உண்டு என்பது எழுத்தில் வந்தது. ஜிபிஎல் கேட்டதும் ஏறக்குறைய அதுவே: எடு, மாற்று, விற்கவும் செய், ஆனால் வெளியே விடும்போது அதே தெளிவோடு விடு.

நிரல் தண்ணீர் மாதிரி குறையாதே என்பீர்கள். நிரல் குறையாது, பராமரிக்கிற ஆள் குறைவார். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சின்னத் தொகுப்புக்குள் யாரோ பின்வாசல் வைத்த கதை ஞாபகம் இருக்கும். உலகத்து லினக்ஸெல்லாம் சார்ந்திருந்த அதைச் சம்பளமில்லாமல் கவனித்துவந்தவர் ஒரே மனிதர். களைத்துப்போயிருந்தவரிடம் உதவுகிறேன் என்று வந்து இரண்டு மூன்று வருடம் நம்பிக்கை சம்பாதித்தவன் வைத்த பின்வாசல் அது.

கடைசியாக ஏஐ. கிட்ஹப் கோபைலட் 2021-ல் வந்தது, 2022 நவம்பரில் அதன் மேல் சான்பிரான்சிஸ்கோவில் வழக்கு. இங்கே ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மேல் 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொந்தளிப்பு. 'என் கோடைக் கேக்காம எடுத்துட்டான்டா.' இருபது வருடமாக யாருடைய கோடையும் கேட்காமல் எடுத்தவர்கள் நாங்கள். காப்புரிமை என்ற வார்த்தை அந்தக் குழுவில் வந்ததே அதுதான் முதல் தடவை. கிண்டல் செய்யலாம், நானும் செய்தேன். ஆனால் தாமதமாக வந்தாலும் அது ஒரு நல்ல கோபம் என்றே நினைக்கிறேன். தான் எழுதியது தன்னுடையது என்று ஒருவன் முதல்முறையாகச் சொல்கிறான்.

போன வருடம் விளையாட்டாக ஓர் ஏஐ கருவியிடம் பாமினி மாற்றி ஒன்று எழுதச் சொன்னேன். பத்து விநாடியில் வந்தது. நீளமான கூட்டுகள் முதலில், குட்டையானவை பிறகு, அந்த வரிசை. அது அவருடையதிலிருந்துதான் வந்தது என்று நான் நிரூபிக்க முடியாது, வேறு பலரும் எழுதியிருப்பார்கள். தலைப்பகுதி காலியாக இருந்தது. பெயர் இல்லை, வருடம் இல்லை, உரிமம் இல்லை. நான் கையால் செய்ததை அது மொத்த வியாபாரமாகச் செய்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமா கடையின் பழைய எக்ஸ்பி கணினியைத் திறந்தேன். "எதுக்குடா மாப்ள, தூசிதான் இருக்கும்" என்றார். 2008-ல் நான் இறக்கிய மூல ஜிப் அப்படியே டெஸ்க்டாப்பில் கிடந்தது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது. அதிலிருந்த முகவரிக்கு மின்னஞ்சல் போட்டேன், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பிவந்தது. இப்போது வேலை பார்க்கும் இடத்தில், சொந்த நேரத்தில் செய்யும் திறமூல வேலைக்கு எழுத்துமூலம் அனுமதி கேட்டேன். படிவம், மேலாளர், சட்டப் பிரிவு என்று ஆறு வாரம் ஆனது, கொடுத்தார்கள். முதல் கமிட்டில் அவருடைய மூலக் கோப்பு, அவர் பெயரோடு, பதினேழு வரியோடு. இரண்டாவதில் நான் சேர்த்த ஜன்னலும் பொத்தான்களும், என் பெயரில். 2010-ல் எழுதிய தன்னார்வலருக்கும் பதினைந்து வருடம் தாமதமாக ஒரு பதில் போட்டேன். இரண்டு கேள்விக்கும்.

மூன்றாம் நாள் முதல் புகார் வந்தது. 'ஸ்ரீ' சரியாக மாறவில்லை என்று யாரோ இலங்கையிலிருந்து எழுதியிருந்தார். சோதித்துப் பார்த்தேன். மூலக் கோப்பில் சரியாகத்தான் இருக்கிறது. கெடுத்தது நான், 2008-ல்.